அட்டை மேல் உப்பு: செல் சவ்வைத் தாண்டிப் போவதும் வருவதும்

ஜூன் 14, இரவு 9:10. கேட்டவர்: மறையூர் ஜீப்காரர்

டீச்சர், மகள் எட்டாம் வகுப்பு. நேற்று தோட்டத்துக்குள்ளே நடந்து வரும்போது அவள் காலில் அட்டை ஏறிவிட்டது. அவள் அம்மா உப்புக் கிழியை வைத்து ஒத்தினதும் சுருண்டு விழுந்தது. "ஏம்ப்பா சுருளுது?" என்றாள். "உப்பு எரியும்ல, அதான்" என்றேன். "எரியிறதில்லப்பா, அதோட உடம்புல இருக்க தண்ணி வெளிய வந்துருது, செல் சவ்வு வழியா" என்கிறாள். செல் சவ்வு நம்ம சின்னார் செக்போஸ்ட் மாதிரி, வேண்டியதை விடும், வேண்டாததை நிறுத்தும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அப்படியென்றால், தண்ணீர் போனால் செத்துப்போவோம் என்று இருக்கும்போது அட்டையின் செக்போஸ்ட் ஏன் தண்ணீரை வெளியே விட்டது? எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜூன் 14, இரவு 10:25

அண்ணா, பாடப்புத்தகத்தின் பின்பக்கம் இருக்கிற எல்லாக் கேள்வியையும் விட இது நல்ல கேள்வி. பாப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள்.

பதில்: அட்டையின் சவ்வு எதையும் முடிவு செய்யவில்லை. சவ்வுக்கு மூளை கிடையாது, தண்ணீருக்கும் கிடையாது. நீர் மூலக்கூறுகள் எந்நேரமும் கண்டபடி முட்டி மோதித் திரிந்துகொண்டே இருக்கின்றன. சவ்வில் அவை நுழையும் வழிகள் உண்டு. உள்ளேயிருந்து வெளியே கொஞ்சம் போகும், வெளியேயிருந்து உள்ளே கொஞ்சம் வரும். சாதாரண நாளில் போவதும் வருவதும் ஏறக்குறையச் சமம், அதனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. உப்புக் கிழியை வைத்ததும் வெளிப்பக்கம் அடர்த்தியான உப்புக் கரைசல் உண்டாகிவிடுகிறது. அந்தக் கரைசலில் தனித்துத் திரியும் நீர் குறைவு, ஆகவே அங்கிருந்து உள்ளே திரும்பி வருவது குறைந்துபோகிறது. உள்ளேயிருந்து வெளியே போவது மட்டும் பழையபடியே நடக்கிறது. வரவு குறைந்து செலவு அப்படியே இருந்தால் என்ன ஆகும்? செல் சுருங்கும். இதுதான் சவ்வூடு பரவல்.

உப்பும் இதே மாதிரி உள்ளே ஓடி வந்து சமன் செய்துவிடலாமே என்றால், உப்பு அயனிகளுக்கு அந்தச் சவ்வில் சுலபமான வழி இல்லை. தண்ணீருக்கு வழி உண்டு, உப்புக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டில்தான் அட்டை சாகிறது.

ஜூன் 15, காலை 6:40

இரவு எழுத விட்டுப்போனது. அடுத்த முறை அட்டை விழுந்தால் பாப்பாவை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு கை லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. உப்புக் கல் பட்ட இடத்தில் முதலில் தோல் பளபளப்பது நிற்கும். பிறகு அந்தக் கல்லைச் சுற்றிக் கோழை மாதிரி ஒரு ஈரம் கட்டும். அட்டை நெளிந்து நெளிந்து கோழையை இன்னும் கக்கும், கல் அதிலேயே கரைந்து பரவும், பரவப் பரவ இன்னும் நீரை இழுக்கும். கொஞ்ச நேரத்தில் ரப்பர் போல நீண்டிருந்தது கட்டையாகி, தோல் வரி வரியாகச் சுருங்கிவிடும். நம் தோலில் அதே உப்பை வைத்தால் இப்படி ஆகாது, ஏனென்றால் நம் மேல்தோல் செத்த செல்களும் கொழுப்பும் அடுக்கிய காய்ந்த தோல். அட்டை தோல் வழியாகவே மூச்சு விடும் பிராணி, அதன் தோல் மெல்லியது, எப்போதும் ஈரமானது. உயிருள்ள செல்கள் வெளியுலகத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன.

இன்னொன்று, பாடத்துக்கு வெளியே. கடித்துக்கொண்டிருக்கும் அட்டை மேல் உப்பு வைக்காதீர்கள். விடும்போது வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டுப் போக வாய்ப்புண்டு, புண் சீழ் பிடிக்கலாம். வாய் இருக்கும் முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கழுவினால் போதும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிட்டுப் போவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம். ஏறுவதற்கு முன்னால் காலிலும் சாக்ஸிலும் உப்பு தேய்ப்பது வேறு விஷயம், அது நல்ல வழக்கம்.

ஜூன் 15, இரவு 8:50

செக்போஸ்ட் உவமையைப் பற்றிக் கேட்டீர்கள். வகுப்பில் அதைச் சொன்னவரைக் குறை சொல்லமாட்டேன், நானும் அதில்தான் பாடத்தைத் தொடங்குவேன். சின்னாரில் எல்லா வண்டியும் போய்விட முடியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், சவ்வும் எல்லாவற்றையும் விடாது. அதுவரை பொருத்தம்.

அதற்கு மேல் அது தவறான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும். செக்போஸ்ட்டில் ஒரு ஆள் நிற்கிறார், தாளைப் பார்க்கிறார், யோசிக்கிறார், கையைக் காட்டுகிறார். சவ்வில் ஆள் இல்லை. பெரும்பாலான பொருட்களுக்கு அது கொழுப்புக்குள் கரையுமா, எவ்வளவு பெரியது, மின்னேற்றம் உண்டா, தனக்கென்று ஒரு புரத வழி இருக்கிறதா என்பதுதான் கணக்கு. நல்லது கெட்டது பார்ப்பதில்லை. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொழுப்பு அடுக்கு வழியாகவே நேராகப் போய்வரும். சாராயமும் அப்படியே போகும், அது உடம்புக்கு நல்லதா என்று சவ்வு கேட்காது. குளுக்கோஸ் உயிருக்கு அவசியம், ஆனாலும் அதற்கென்று ஒரு கடத்திப் புரதம் இல்லாவிட்டால் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான்.

"செல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்" என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. எனக்கு அது பெரிய குறை. அந்த வாக்கியத்தை நம்பும் பிள்ளைக்கு, உங்கள் மகள் மாதிரி "அப்புறம் ஏன் தண்ணீரை விட்டது?" என்று கேட்கத் தோன்றாது.

ஜூன் 15, இரவு 9:30

சவ்வு எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விட்டேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். சவ்வின் தடிமன் அதில் 7 அல்லது 8. பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன, தண்ணீரோடு சேரும் தலை வெளிப்பக்கம், தண்ணீரோடு ஒட்டாத வால் உள்பக்கம். இந்த இரட்டை அடுக்கை 1925-ல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுவின் கொழுப்பைப் பிரித்து, தண்ணீர் மேல் பரப்பி, பரப்பளவை அளந்து கண்டுபிடித்தார்கள். செல்லின் பரப்பைப் போல இருமடங்கு வந்தது. 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்னதுதான் இன்றைய படம்: கொழுப்பு அடுக்கு அசையாத சுவர் இல்லை, திரவம் போல நகர்ந்துகொண்டிருக்கிறது, அதில் புரதங்கள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன. வழி, கடத்தி, பம்பு என்று நாம் சொல்வதெல்லாம் அந்தப் புரதங்கள்தான்.

ஜூன் 17, மாலை 5:15

பூப்பாறையிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஃபேக்டரியில் கொழுந்தை வாட வைப்பதும் சவ்வூடு பரவல்தானே?"

இல்லை. வாட்டும் தொட்டியில் கீழேயிருந்து காற்றை ஊதுகிறார்கள், இலையின் நீர் ஆவியாகிப் போகிறது. மறுபக்கம் அடர்ந்த கரைசல் ஒன்றும் கிடையாது. நீர் போனதெல்லாம் சவ்வூடு பரவல் ஆகாது.

ஆனால் அந்த ஃபேக்டரியிலேயே சவ்வுப் பாடம் இருக்கிறது, அடுத்த அறையில். பச்சைக் கொழுந்தின் செல்லுக்குள் கேட்டிசின் முதலிய பொருட்கள் நுண்குமிழிக்குள்ளே இருக்கின்றன. அவற்றைப் பழுப்பாக்கும் நொதி குமிழிக்கு வெளியே வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் சவ்வு. செடியில் இருக்கும் வரை இரண்டும் சேர்வதில்லை, அதனால்தான் கொழுந்து பச்சையாக இருக்கிறது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளையில் விழுந்ததும் நசுங்கிக் கிழிந்து சவ்வெல்லாம் உடைகிறது. நொதியும் கேட்டிசினும் காற்றின் ஆக்சிஜனும் ஒன்று சேர்கின்றன. பச்சை செம்பாகி, பிறகு பழுப்பாகி, அந்த மணம் வருகிறது. மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளரும் பிள்ளைக்குச் சவ்வு எதற்கு என்று விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பொருட்களைப் பிரித்து வைப்பதும் சவ்வின் வேலைதான், அதைப் பாடத்தில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

கங்காணிமார் புதிதாக உரம் போடுகிறவர்களிடம் "தூர்ல கொட்டாதீங்க" என்று சத்தம் போடுவது மட்டும் சவ்வூடு பரவல் பாடமே. யூரியாவை வேரடியில் குவித்தால் மண்ணின் நீர் அடர்ந்த கரைசலாகிறது, வேரிலிருந்து நீர் வெளியே போகிறது, இலை ஓரம் கருகுகிறது. உப்பும் அட்டையும் அங்கே, யூரியாவும் வேரும் இங்கே.

ஜூன் 17, இரவு 10:05

"துணி துவைத்தால் விரல் சுருங்குகிறதே, அதுவும் இதுதானே?" என்று இன்னொரு கேள்வி. நிறையப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் விரலுக்குப் போகும் நரம்பு அறுபட்டவர்களின் விரல், எவ்வளவு நேரம் தண்ணீரில் வைத்தாலும் சுருங்குவதில்லை. 1930-களிலேயே மருத்துவர்கள் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். தோல் வெறுமனே நீரை உறிஞ்சிச் சுருங்குவதாக இருந்தால் நரம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நரம்பு சொல்லி விரல் நுனியின் இரத்தக்குழாய்கள் ஒடுங்குவதால் வருவது அது. இந்த உதாரணத்தைத் தேர்வில் எழுதவேண்டாம்.

ஜூன் 20, காலை 7:00

மழையில் மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. இதற்கிடையில் ஜீப்கார அண்ணன் கேட்டிருக்கிறார்: "இரண்டு பக்கமும் சமமானதும் நின்றுவிடும் இல்லையா?"

நிற்காது. போவதும் வருவதும் அதே வேகத்தில் நடந்துகொண்டேதான் இருக்கும். நிகரக் கணக்கு மட்டும் பூஜ்யம். வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு பையன், "அப்ப அதுக்கு லீவே கிடையாதா டீச்சர்?" என்றான். கிடையாது. வெப்பம் இருக்கும் வரை மூலக்கூறு அசையும். வெந்நீரில் தேயிலைத் தூள் சட்டென்று இறங்குவதும் தண்ணீரில் மெதுவாக இறங்குவதும் அதனால்தான். தூளில் இருப்பது செத்த, உடைந்த செல், அங்கே தேர்ந்து விடும் சவ்வு கிடையாது, வெறும் பரவல் மட்டும்.

பரவலில் எனக்கு மிகவும் பிடித்தது தூரக் கணக்கு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. நீரில் ஒரு சிறிய மூலக்கூறு 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு செல்லின் அகலத்தைப் பரவிக் கடக்க உத்தேசமாக ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் கடக்க எட்டு நிமிடம் போல. ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரை நாள்! செல் ஏன் இவ்வளவு சின்னது, நமக்கு ஏன் இதயமும் இரத்தக்குழாயும் வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் இந்த ஒரு கணக்கில் பதில் இருக்கிறது. மூக்கில் இழுத்த ஆக்சிஜன் வெறும் பரவலை நம்பிக் கால் விரலுக்குப் போவதென்றால் பல வருஷம் ஆகும். பிள்ளைகள் இந்த எண்களைக் கரும்பலகையில் தாங்களே பெருக்கிப் பார்த்தால் மறக்கமாட்டார்கள்.

ஜூன் 20, இரவு 9:45

14-ந் தேதி "நீர் நுழையும் வழிகள்" என்று போகிறபோக்கில் எழுதினேன். அதை விரிக்கவேண்டும், அண்ணனின் முதல் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது.

கொழுப்பு அடுக்கு வழியாகவும் நீர் கொஞ்சம் கசியும். ஆனால் சிவப்பணு, சிறுநீரகச் செல் போன்றவற்றில் நீர் அதற்கு மேல் வேகமாகப் போகிறது. பீட்டர் ஆக்ரே என்ற அமெரிக்க மருத்துவ ஆராய்ச்சியாளர் இரத்தத்தின் ஆர்.எச். புரதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கூடவே வேறொரு புரதமும் வந்தது. அது என்ன செய்கிறது என்று பார்க்கத் தவளை முட்டையை எடுத்தார்கள். தவளை முட்டை குளத்து நீரில் கிடந்தாலும் வெடிப்பதில்லை, அதன் சவ்வு நீரை மிகக் குறைவாகவே விடும். அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பை முட்டைக்குள் செலுத்தி நல்ல நீரில் போட்டார்கள். முட்டை உப்பி, சில நிமிடங்களில் வெடித்தது. 1992-ல் வந்த சோதனை அது. புரதத்துக்கு அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள். 2003-ல் ஆக்ரேக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இந்த வழி நீரை மட்டும் விடும், அயனியை விடாது. ஆனால் எந்தப் பக்கம் போவது என்பதில் அதற்குச் சொல்லே இல்லை. செல் ஊறினாலும் சுருங்கினாலும் வழி வழிதான். சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் உப்பி வெடிக்கும், கெட்டியான உப்பு நீரில் போட்டால் சுருங்கும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9% என்று போட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த அளவில் போவதும் வருவதும் சமம்.

ஜூன் 22, மாலை 4:30

"அப்ப செல்லால தன் இஷ்டத்துக்கு ஒண்ணுமே செய்யமுடியாதா?" பாப்பாவே எழுதியிருக்கிறாள். மகிழ்ச்சி.

செய்யும் கண்ணு, ஆனால் அதற்குக் காசு கொடுக்கவேண்டும். காசு என்றால் ஆற்றல், அதைத் தாங்கி வரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. சவ்வில் சோடியம் பொட்டாசியம் பம்பு என்று ஒரு புரதம் உண்டு. உள்ளே இருக்கிற 3 சோடியம் அயனியைப் பிடித்து வெளியே தள்ளும், 2 பொட்டாசியத்தை உள்ளே கொண்டுவரும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஏ.டி.பி. செலவு. வெளியேதான் சோடியம் அதிகம், இருந்தும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. தானாக நடக்கும் பரவலுக்கு நேர் எதிர்த்திசை. ஆற்றல் சார் கடத்தல் என்று உன் புத்தகத்தில் இருப்பது இதுதான். டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957-ல் எழுதினார். நோபல் 1997-ல் வந்தது. நாற்பது வருஷம்!

நீ தூங்கிக்கொண்டிருக்கும்போது உன் உடம்பு செலவழிக்கிற ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்தப் பம்புக்குத்தான் போகிறது. பம்பு நின்றால் சோடியம் உள்ளே தங்கும், பின்னாலேயே நீர் வரும், செல் வீங்கும். செல் "வேண்டாததை வெளியே தள்ளும்" என்று வகுப்பில் சொல்வார்களே, அது இந்த இடத்தில் சரியாகப் பொருந்தும்.

இன்னும் பெரிய பொருள், ஒரு பாக்டீரியா மாதிரி, எந்த வழியிலும் நுழையாது. அப்போது சவ்வே வளைந்து அதைச் சூழ்ந்து விழுங்கும். வெள்ளையணுவும் அமீபாவும் அப்படித்தான்.

ஜூன் 23, இரவு 8:20

மழைக்காலம், லயத்தில் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டது. ஓ.ஆர்.எஸ்., அதாவது உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த குடிநீர் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை நான் விடமாட்டேன்.

வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது. குடல் செல்லில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது, சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் இரண்டையும் உள்ளே எடுக்கும். அவை உள்ளே போனதும் உள்பக்கம் அடர்த்தி கூடுகிறது, நீர் பின்னாலேயே போகிறது. காலராவிலும் இந்தக் கடத்தி பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்பதுதான் அதிர்ஷ்டம். 1960-ல் ராபர்ட் கிரேன் இந்த இணைக் கடத்தலை முன்வைத்தார். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், மேற்கு வங்கம் பன்காவில், சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுக்கவைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் இறந்தார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். பாக்கெட் இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தலைதட்டிய டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. "பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, தெம்பு வரட்டும்" என்று சர்க்கரையை அள்ளிப் போடும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். குடலுக்குள் சர்க்கரை அடர்த்தி அதிகமானால் செல்லிலிருந்து நீர் குடலுக்குள் வரும், போக்கு கூடும். கலர் சோடாவும் அதே கேடுதான். அட்டைக்கு உப்பு செய்ததை, பிள்ளையின் குடலுக்குச் சர்க்கரை செய்துவிடும். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஜூன் 26, இரவு 9:00

பள்ளி அறிவியல் கண்காட்சியான சாஸ்திரமேளாவுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முட்டையை வினிகரில் ஊறவைத்து ஓட்டைக் கரைப்பது எல்லாரும் செய்வது. பார்க்க அழகு, ஆனால் மிஞ்சும் அந்தத் தோல் செல் சவ்வு இல்லை, ஓட்டுக்கு உள்ளே இருக்கும் புரத நார்த் தோல். சார்ட்டில் "செல் சவ்வு" என்று எழுதினால் கேள்வி கேட்பவர் பிடித்துக்கொள்வார்.

பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் ரியோ இலை. அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கும் அந்தத் தொட்டிச் செடிதான். ஊதாத் தோலை மெல்ல உரித்து ஒரு சொட்டுத் தண்ணீரில் பாருங்கள், ஒவ்வொரு அறையும் முழுக்க ஊதாவாக இருக்கும். ஓரத்தில் ஒரு சொட்டு உப்பு நீர் விட்டு, எதிர் ஓரத்தில் ஒற்றுத்தாளை வைத்து இழுங்கள். கொஞ்ச நேரத்தில் ஊதா, சுவரைவிட்டு விலகி நடுவில் சுருங்கும். சுவர் அப்படியே நிற்கும், ஏனென்றால் அது வேறு, சவ்வு வேறு. பிறகு நல்ல தண்ணீரை விட்டால், செல் செத்திருக்காவிட்டால், ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும்.

நுண்ணோக்கி இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு. ஒரே கிழங்கில் 5 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சமமான துண்டுகள் வெட்டச் சொல்லுங்கள், தோல் இருக்கக்கூடாது. வெறும் தண்ணீர், அரை சதவீத உப்பு நீர், ஒரு சதவீதம், இரண்டு, நான்கு என்று ஐந்து டம்ளர். லிட்டருக்கு 5 கிராம் போட்டால் அரை சதவீதம். இரவு முழுவதும் ஊறட்டும். காலையில் ஒவ்வொன்றையும் துணியில் ஒற்றிவிட்டு ஸ்கேலில் அளந்து, வளைத்தும் பார்க்கட்டும். சிலது விறைத்து நீண்டிருக்கும், சிலது துவண்டிருக்கும். நீளத்தை உப்புச் சதவீதத்துக்கு எதிரே வரைபடத்தாளில் குறித்தால், கோடு 5 சென்டிமீட்டரைக் கடக்கும் இடம்தான் கிழங்கின் செல்லுக்கு உள்ளேயும் வெளியேயும் சமம். அந்த எண்ணை எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் பாப்பாவே கண்டுபிடிக்கட்டும். வரைபடத்தைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள் அண்ணா, சலைன் பாட்டிலின் 0.9-க்குப் பக்கத்தில் வருகிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்.